பெர்க்மான்ஸ் கட்டைவிரலை எடுக்கக் கூடாது

“உங்க வீட்டு நரம்பு எங்க பட்டுச்சேலையக் கிழிச்சிட்டு மைனி, கிழிஞ்சது கிழிஞ்சதுதான், ஆனா ஒரு பதிலும் சொல்லாம நீங்க பாட்டுக்கு மீன் வெட்டிக்கிட்டு இருந்தா என்ன அர்த்தம்?”

பிரகாசி சொன்னதை ஓர் எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதியிருக்கிறேன்; நாளைக்கு யாரும் வந்து ஹில்டா பேச்சைத் திரித்துவிட்டாள் என்று சொல்லக் கூடாது பாருங்கள். பிரகாசி எனக்கு அடுத்த வீடு. என் மகன் ரெக்ஸ்லின் கல்யாணத்துக்குக் கட்டுவதற்கென்றே பெட்டியிலிருந்து எடுத்து, பூச்சியுருண்டை வாசம் போகட்டும் என்று தன் மொட்டைமாடிக்கு மேலே ஆகாயத்தில் போகிற நரம்பில் அந்தச் சேலையைக் காற்றாடப் போட்டிருக்கிறாள், கடல்காற்று அதை முன்னும் பின்னும் இழுத்திருக்கிறது, நரம்பு ரம்பம் மாதிரி அறுத்துவிட்டது. நான் அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்காமலே சொன்னேன், அது துணி காயப்போடுகிற கொடி இல்லை, தூண்டில் நரம்பு, அதன் ஒரு முனையில் என் புருஷன் உட்கார்ந்திருக்கிறார், அதை ஞாபகம் வைத்துக்கொண்டு பேசு என்று.

“அது ஊருக்கே தெரியும் மைனி. வாங்கும்போது நல்ல நரம்பாப் பார்த்து வாங்கியிருக்கலாம்லா?”

அந்த ஒரு கேள்வி என் உச்சந்தலைவரை ஏறியது. நல்ல நரம்பாய்ப் பார்த்து வாங்கச் சொன்னவளே நான்தான்.

என் வீட்டுக்காரர் பெர்க்மான்ஸ் காலமெல்லாம் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆபீசில் கப்பல் சரக்குக்குக் காகிதம் எழுதி ஓய்ந்தவர். கடலோரத்தில் பிறந்தும் கடலில் கால் நனைக்காத மனுஷன் என்று எங்கள் சிப்பித்துறையில் அவருக்கு ஒரு கேலிப் பெயரே உண்டு. ஓய்வு பெற்ற கையோடு அவருக்குத் தூண்டில் ஆசை வந்தது. தோகாவில் வேலை பார்க்கிற ரெக்ஸ்லின் அப்பா ஆசைப்படுகிறாரே என்று பெய்ட்காஸ்டிங் என்கிற வகைத் தூண்டில் ராடும், நரம்பு சுற்றுகிற ரீலும் அனுப்பிவைத்தான், நரம்பை மட்டும் அங்கேயே வாங்கிக்கோங்கப்பா என்றான். கூட வந்த ஆங்கிலக் கையேட்டை இவர் பெட்டியோடு பரணில் போடப் போனார், நான் பிடுங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தேன். கான்வென்டில் எங்களுக்குத் தையல் எடுத்த மதர் பெனிக்னா சொல்வார், மெஷினோடு வந்த காகிதத்தை வாசிக்காத பெண்ணின் விரலை ஊசி வாசிக்கும் என்று. மதர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஊசி இன்னும் இருக்கிறது.

கையேடு தெளிவாகச் சொல்லியிருந்தது. மற்ற ரீல்களில் நரம்பு சுற்றின உருளை சும்மா நிற்க நரம்பு மட்டும் கழன்று ஓடும். இந்த ரீலில் நரம்போடு உருளையே சுழலும், அதற்கு நம் கட்டைவிரல்தான் பிரேக்கு. எறியும்போது விரலை எப்போது தளர்த்துவது, எப்போது அழுத்துவது என்று கை பழகுகிறவரைக்கும் மெலிந்த நரம்பைத் தொடாதே, தடித்த ஒற்றை நரம்பாகப் போடு, அது கொஞ்சம் இழுபடும், கொஞ்சம் மந்தமாக ஓடும், புதியவன் செய்கிற பிழையைப் பொறுத்துக்கொள்ளும்; பல இழை பின்னிய மெல்லிய நரம்பு வெகுதூரம் போகும், இம்மியும் இழுபடாது, தன் சுற்றுக்குள் தானே புதைந்துகொள்ளும், பிழை செய்தவனை விடவே விடாது. இதை நான் தமிழில் இரண்டு தடவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே காபி குடித்தார்.

தூண்டில் சாமான் விற்கிற கசாலி பாய் கடையில் மேஜைமேல் மூன்று உருளைகள் வந்து உட்கார்ந்தன. ஒன்று தண்ணீர் நிறத்தில் தடித்த நைலான் நரம்பு. ஒன்று கண்ணாடி மாதிரி விறைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் போனால் மீன் கண்ணுக்கே தெரியாதாம். மூன்றாவது பச்சைப் பாம்புக்குட்டி நிறத்தில் தலைமுடிப் பருமனுக்குப் பின்னின நரம்பு. நான் குரோஷே நூலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, தடித்ததை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்பார்க்க வந்தபோது என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

“நாப்பது கிலோ தாங்குமாம் ஹில்டா,” என்றார்.

“நாப்பது கிலோ மீனை நீங்க தாங்குவீங்களா?”

கசாலி பாய் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு, சாருக்கு ஏற்றது பச்சைதான், இந்த ஊரில் இதை முதலில் போடப்போவது சார்தான் என்றார். முடிந்தது கதை. இந்த ஊரில் முதல் ஆள் என்று ஒருவனிடம் சொல்லிப் பாருங்கள், தூக்குக்கயிற்றைக்கூட நல்ல பச்சையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போவான்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும், கடல் ஊருக்குள் ஏறாமல் இருக்க அரசாங்கம் பாறையாய்க் கொட்டிக் கட்டின தூண்டில் வளைவின் நுனியில் போய் நின்று அவர் முதல் வீச்சு வீசினார். எங்கள் ஊர் ஆண்கள் ராடு பிடித்தவர்கள் இல்லை, வெறுங்கையில் நரம்பு பிடித்துப் பரம்பரை பரம்பரையாய்ப் பழகியவர்கள். நரம்பு ஓட ஆரம்பித்தால் விரலை எடு, எடுக்காவிட்டால் விரல் போய்விடும் என்பது அவர்கள் தாய்ப்பாலோடு குடித்த பாடம். கடலில் கால் நனைக்காவிட்டாலும் அந்தப் பால் இவர் உடம்பிலும் ஓடியிருக்கிறது. ராடைப் பின்னால் கொண்டுபோனபோதே நரம்பின் நுனியில் கட்டின ஈயக்குண்டின் கனம் இழுத்தது, அந்த இழுப்பிலேயே விரலை எடுத்துவிட்டார். அதனால் குண்டு கடலுக்குப் போகாமல் ஊரைப் பார்க்கப் போயிற்று. ஏலக்கூடத்துக்கு மேலே போயிற்று, எங்கள் தெருவுக்கு மேலே போயிற்று, கோயில் கோபுரத்தை இடப்பக்கமாக ஒதுங்கி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, உப்பளங்களுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது, விழவில்லை. பயந்துபோய்க் கட்டைவிரலை அழுத்தினார். உருளை நின்றது. நரம்பு விறைத்து, ஓட்டு வீடுகளுக்குத் தாழ்ந்தும் மாடி வீடுகளுக்கு உயர்ந்தும், எல்லாருக்கும் கையெட்டுகிற உயரத்தில் ஊரின் ஒரு தலையிலிருந்து மறுதலைவரை நின்றது. நான் வாங்கச் சொன்ன தடித்த நரம்பாக இருந்தால் குண்டு அவர் காலடியிலேயே தொப்பென்று விழுந்திருக்கும், நாலு பேர் சிரித்திருப்பார்கள், மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்திருப்பார்.

ஊர் அண்ணாந்து பார்த்தது. பார்த்து முடித்தபின் அன்று சாயந்தரமே பிரகாசி அதில் ஒரு துண்டைக் காயப்போட்டாள். அவள்தான் முதல், அதையும் எழுதிவைக்கிறேன். அடுத்த நாள் தெரு முழுக்கத் துணி ஏறியது. பிறகு கருவாட்டுக்காரிகள் நாய் எட்டாத உயரம் என்று வாளைமீனை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். கேபிள்காரன் தன் வயரை அதில் கிளிப் போட்டுப் பிடித்தான். ஐஸ் பாக்டரிக்காரர்கள் பல்பு மாட்டினார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் கொடி கட்டிவிட்டு எந்தக் கொடி கடலுக்குப் பக்கம் என்று அடித்துக்கொண்டார்கள். உப்பளத்துப் பெண்கள் தார்ப்பாயைத் தொங்கவிட்டு அதன் நிழலில் கஞ்சி குடித்தார்கள். பங்குச்சாமி திருவிழாத் தோரணத்தை அதில் ஏற்றிவிட்டு, இந்த வருஷம் கம்பம் நட வேண்டிய சிரமத்தை ஆண்டவர் நமக்குக் குறைத்தார் என்று பிரசங்கத்தில் நன்றி சொன்னார். ஆண்டவருக்கு நன்றி சொன்னார். நுனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலை அழுத்திக்கொண்டிருந்தவருக்கு நான் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய்ப் பிசைந்து ஊட்டிவிட்டேன். மற்றக் காரியங்களை அவர் எப்படிச் செய்தார், நான் எப்படி உதவினேன் என்று எழுதினால் கான்வென்டில் படித்தவளா நீ என்பீர்கள், அதனால் எழுதவில்லை.

கைப்பிடியைத் திருகி நரம்பைச் சுற்றி இழுத்துப் பார்த்தோம், இம்மியும் வரவில்லை. உருளையைக் கட்டிவைக்கப் பார்க்காமலும் இல்லை. கயிறு போட்டோம், கம்பி சுற்றினோம், பாறையை ஏற்றினோம், படகு மெக்கானிக் வந்து இரும்புப் பட்டை வைத்து முறுக்கினார். எல்லாவற்றையும் வழுக்கிக்கொண்டு உருளை சுழலப் பார்த்தது, வலதுகைக் கட்டைவிரல் பட்டால் மட்டும் கன்றுக்குட்டி மாதிரி நின்றது. அறுத்துவிடலாம் என்று நான் தையல் கத்தரியோடு போன அன்று எனக்கு முன்னால் அங்கே பாதி ஊர் வந்து நின்றது. ஊர் நின்றதுகூட எனக்குப் பெரிதில்லை. இந்த மனுஷன் என்னைப் பார்த்து, “அறுத்தா எத்தனை வீட்டுத் துணி மண்ணில விழும், யோசிச்சுப் பாரு ஹில்டா,” என்றார். பச்சை நரம்புக்குச் சரியான ஜோடிதான்.

பிறகு ஒரு நாள் தும்மினார். தும்மினால் விரல் தளரத்தானே செய்யும்? உருளை கொஞ்சம் ஓடிற்று, ஊரெல்லாம் துணி நகர்ந்தது. பிரகாசியின் நைட்டி சாமியார் பங்களா மாடிக்குப் போயிற்று, பங்குச்சாமியின் வெள்ளை அங்கி சலூன் கூரைமேல் போய் நின்றது, ஒரு கட்சியின் கொடி இன்னொரு கட்சி ஆபீஸ் வாசலில் பறந்து அதற்கு போலீஸ் வந்தது. மறுநாளே பங்குப் பேரவை கூடித் தீர்மானம் போட்டார்கள், பெர்க்மான்ஸ் கட்டைவிரலை எடுக்கக் கூடாது என்று. கூடவே வாய்மொழியாக எனக்கும் ஒன்று வந்தது, “ரசத்துல மிளகைக் கொஞ்சம் கொறைங்க மைனி.” என் சமையலறைக்குள் வந்து என் மிளகை அளக்கிறது ஊர்.

அன்றிலிருந்து நரம்பின் குறையெல்லாம் என் வாசலுக்கு வந்தது. தொய்கிறது என்றார்கள், காற்றில் விசில் அடிக்கிறது பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறது என்றார்கள், மேலத்தெருவுக்குக் கூடுதல் இடம் போகிறது என்றார்கள். மின்சாரம் போனால்கூட என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. அவருக்கு விரல் வலிக்கிறதா என்று கேட்டுத்தான் ஒருவரும் வரவில்லை.

வலித்தது. மழை தொடங்கிய சமயம் அவருக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது, விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கப் போன நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அவர் விரலுக்குப் பக்கத்தில் என் கட்டைவிரலை வைத்தேன். “எடுங்க,” என்றேன். எடுத்தார். உருளை அசையவில்லை. அவர் எழுந்து, முதுகு நிமிர மாட்டாமல், பாறைகளைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்குப் போய், தன் கட்டிலில் தன் தலையணையில் தலைவைத்துப் படுத்தார்.

நான் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த விரலுக்கு அடியில் ஊர் முழுக்க இருக்கிறது என்பது. ஈரப் போர்வையின் கனம் தெரிந்தது, பச்சைப்பிள்ளையின் சட்டைக் கனம் தெரிந்தது, காக்கை வந்து உட்கார்ந்து கருவாட்டைக் கொத்துவது தெரிந்தது, யாரோ ஒருத்தி காயும் துணியில் முகம் புதைத்து அழுததுகூட நரம்பின் வழியே வந்து என் நகத்துக்குள் துடித்தது, இவை எல்லாவற்றுக்கும் அப்பால் வெகுதூரத்தில் அந்த ஈயக்குண்டு இன்னும் போக ஆசைப்பட்டு இழுத்துக்கொண்டே இருந்தது. இத்தனையையும் அவர் சுமந்திருக்கிறார், ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. பச்சை நரம்பு வாங்கியதற்காக அவரை நான் திட்டாத நாளில்லை. அன்று மத்தியானம் மட்டும் திட்டவில்லை, பக்கத்தில் ஆளில்லாததால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் விரல் பிடிக்கிறதென்றால் யார் விரலும் பிடிக்கும் என்றுதானே அர்த்தம்? ஆளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தால் என் வீட்டுக்காரர் மனுஷனாய் நடமாடலாம் என்றுதானே எந்தப் புத்தியுள்ள ஊரும் நினைக்கும்? எங்கள் ஊர் வேறு மாதிரி நினைத்தது. அந்தக் குடும்பத்து விரலுக்கு அப்படி ஒரு கொடுப்பினை என்று சொல்லிவிட்டது. இனி புருஷனும் பொண்டாட்டியுமாக மாறி மாறிப் பார்த்துக்கொள்வார்கள், நல்லதாய்ப் போயிற்று என்று பிரகாசி கூடுதலாக ஒரு மெத்தையுறையைத் தொங்கவிட்டாள். நாங்களும் மாறி மாறித்தான் பார்த்தோம். அவர் வீட்டுக்கு வரும்போது நான் பாறையில், நான் வீட்டுக்கு வரும்போது அவர் பாறையில். தூக்குச்சட்டியைக் கைமாற்றுகிற நேரம்தான் எங்கள் தாம்பத்தியம்.

இப்படி இருக்கையில்தான் ரெக்ஸ்லினுக்குப் பெண் அமைந்தது. பெண் டெல்பின், மேலத்துறைக்காரி, நர்ஸ். பெண்வீட்டுக் கோயிலில் காலையில் கல்யாணம்.

எங்கள் சனத்தில் மாப்பிள்ளை கோயிலுக்குப் புறப்படுமுன் வீட்டில் முழங்கால் போடுவான். முதலில் தகப்பன், பிறகு தாய், வலதுகைக் கட்டைவிரலால் அவன் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவார்கள். அப்பன் விரல் படாத நெற்றியோடு பீடத்துக்குப் போகிறவன் தகப்பன் செத்தவனாக இருக்க வேண்டும். பிறகு இரண்டு பேரும் அவனுக்கு இரண்டு பக்கமும் நடந்துபோய்க் கோயிலில் விட வேண்டும். ஒருத்தரோடு முடிகிற காரியம் இல்லை இது. தோகாவிலிருந்து ரெக்ஸ்லின் போன் பண்ணி, “அம்மா, அப்பா வருவாங்கள்லா?” என்று கேட்டான். வருவாங்க என்றேன். பெற்ற பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்.

முதலில் பங்குச்சாமியிடம் போனேன். அவர் நல்ல மனுஷர், நன்றாக யோசித்துவிட்டு, ரெக்ஸ்லினே தூண்டில் வளைவுக்குப் போய் அப்பா முன்னால் முழங்கால் போடட்டுமே, அவர் இடதுகைக் கட்டைவிரலால் சிலுவை வரையட்டுமே, ஆண்டவர் கையைப் பார்ப்பதில்லை மனசைத்தான் பார்க்கிறார் என்றார். அப்படியானால் நாளைக்குப் பூசையில் நீங்கள் இடதுகையால் ஆசீர்வாதம் கொடுங்கள் சாமி, நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்றேன். அவருக்கு உடனே ஒரு நோயாளியைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது.

பிறகு வீடு வீடாகப் போனேன். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துக்கொண்டே கேட்டேன், அன்று ஒரு காலைப்பொழுது மட்டும் யாராவது விரலை வையுங்கள் என்று. கேபிள்காரன் தனக்கு விரலில் நகச்சுற்று என்றான். ஐஸ் பாக்டரியில் எங்களுக்கு ஐஸ் பிடித்து மரத்த விரல், உணர்ச்சி கிடையாது என்றார்கள். கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் மற்றவர் விரல் வைத்தால் தாங்கள் கொடியை எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். கருவாட்டுக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், விரலைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், சண்டைக்கு வந்து, கிழிந்த சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்ற பிரகாசியிடமே கேட்டேன். என்னைப் புத்தி பேதலித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“நல்லாருக்கே மைனி. ரெக்ஸ்லின் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் கல்யாணத்துக்கு நான் வராம இருப்பனா? நாங்க எல்லாரும் பஸ் பிடிச்சு அங்க வந்துட்டா, இங்க யாரு விரல் வைப்பா?”

பாருங்கள் நியாயத்தை. என் மகன் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் வரவேண்டியிருப்பதால் மாப்பிள்ளையின் அப்பா மட்டும் வரக் கூடாது. பிரியாணிக்குத் தலை எண்ணிச் சொல்லிவிட்டார்களாம். அன்று உடுத்தப்போகிற துணிமணியெல்லாம் வேறு அந்த நரம்பில்தான் காய்ந்துகொண்டிருந்தது.

இவரிடம் போய்ச் சொன்னேன். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நகம் தேய்ந்து, உருளையின் வளைவுக்கேற்பச் சதையும் வளைந்துபோயிருந்தது. இடதுகைக் கட்டைவிரலைத் தூக்கி, காற்றில் மெல்ல ஒரு சிலுவை போட்டுப் பார்த்தார். கோணலாக வந்தது. இன்னொரு தரம் போட்டார். பழகிக்கொள்கிறாராம்.

“எல்லாம் நீங்க ஊருக்குக் கொடுத்த இடம்,” என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். திரும்பியிருந்தால் நான் அழுததை அவர் பார்த்திருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூன்றாம் ஓலை. எங்கள் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள்: இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரியப்படுத்த வேண்டும் என்று. வாசித்ததும் ஒரு நிமிஷம் கோயில் கம்மென்று இருக்கும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஒன்றும் சொல்லாமல் இருப்பதே அங்கே வாழ்த்து. இந்த ஊரில் இதுவரை யாரும் அந்த நேரத்தில் வாயைத் திறந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. பங்குச்சாமி கண்ணாடியை ஏற்றிவிட்டு, சிப்பித்துறை பெர்க்மான்ஸ் ஹில்டா தம்பதியரின் மகன் ரெக்ஸ்லினுக்கும் என்று ஆரம்பித்து, தெரியப்படுத்த வேண்டும் என்று முடித்தார்.

நான் எழுந்தேன்.

“தடை இருக்கு சாமி.”

கோயில் முழுக்க ஒரே சமயத்தில் திரும்பிற்று. முன்வரிசையில் பிரகாசி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பாடற்குழு ஆர்மோனியத்தில் யாரோ கைவைக்க ஒரு சுரம் அனாதையாய் ஒலித்து நின்றது. திறந்திருந்த பக்கவாசல் வழியே நரம்பு தெரிந்தது, அதில் கோயில் தோரணம் தெரிந்தது, தோரணத்தை அடுத்து யார் யார் வீட்டுத் துணிகளோ வரிசையாகக் கடலைப் பார்க்கப் போயின, அந்த வரிசையின் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது என்பது அங்கே முழங்காலில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

நான் கத்தவில்லை. மதர் பெனிக்னா சொல்லிக்கொடுத்த மாதிரி, முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். “கல்யாணத்தன்னிக்குக் காலையில அவங்க அப்பா அவன் நெத்தியில சிலுவை போடணும். வலதுகையால போடணும். அதுக்கு உங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், வந்து உங்க கட்டைவிரலை அங்க வைக்கணும். மதியத்துக்குள்ள நாங்க ரெண்டு பேரும் திரும்பி வந்திருவோம். யாரு வாறீங்க?”

மின்விசிறிகள் சுற்றின. பங்குச்சாமி ஓலையை மடித்தார், மறுபடி பிரித்தார். செபத்துக்காகக் கூப்பியிருந்த கைகளை நான் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு ஜோடிக் கையிலும் கட்டைவிரல் மெதுவாக உள்ளே மடங்கிக்கொண்டிருந்தது.

“யாரு வாறீங்க?” என்று இன்னொரு தடவை கேட்டேன்.